மகிடா டி.டி.டி 152 இம்பாக்ட் டிரைவர்: வாங்கலாம், ஆனால் டிரிக்கரைப் பழகிவிட்டு வேலையில் இறக்குங்கள்

ஸ்க்ரூவையும் நட்டையும் அடித்து அடித்துச் சுழற்றி இறுக்கும் கை மெஷின்தான் இம்பாக்ட் டிரைவர். அதில் மகிடா டி.டி.டி 152 நல்ல மெஷின், வீட்டு வேலைக்கும் சின்னப் பட்டறைக்கும் தாராளமாகப் போதும், வாங்க நினைக்கிறவர்கள் வாங்கலாம். இதைச் சொல்லி முடித்துவிட்டால் விமர்சனம் முடிந்த மாதிரிதான், ஆனால் எனக்கு அதற்கு மேல் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இம்பாக்ட் டிரைவர் கையில் வந்ததும் பலரும் செய்கிற முதல் காரியம் டிரிக்கரைக் கடைசிவரை அழுத்துவது, அதையே பழக்கமாக்கிக்கொள்வது. ஸ்க்ரூ மண்டை உடைவது, ஷீட் வாஷர் நசுங்கி மழைக்கு ஒழுகுவது, பிளைவுட் ஓரம் பிளப்பது, எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பழி மெஷின்மேல் விழும். அதனால் இது பாதி மெஷினைப் பற்றியும் பாதி அதைப் பிடிக்கிற விதத்தைப் பற்றியும் இருக்கும்.

நான் இதைப் பயன்படுத்துவது மாடிக் கூரை ஷீட் வேலை, அலமாரி, கட்டில் மாதிரி மர வேலை, அப்புறம் மச்சான் நடத்தும் கிரில் பட்டறையில் ஆள் குறையும் நாட்களில் நட்டு போல்ட் வேலை. நாள் முழுக்க சைட்டில் இதையே வைத்துப் பிழைக்கிறவர்களின் தேவை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். 18 வோல்ட் பேட்டரி. அதிகபட்ச டார்க், அதாவது திருப்பு விசை, 165 நியூட்டன் மீட்டர். லோடு இல்லாமல் நிமிஷத்துக்கு 2900 சுற்று வரை, உள்ளே சுத்தியல் கொடுக்கும் அடி நிமிஷத்துக்கு 3500 வரை. முன்னால் கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர் அறுகோண வாய், ஸ்க்ரூ மண்டையில் உட்காரும் பிட்டை இதில்தான் சொருக வேண்டும். மெஷினின் நீளம் 137 மில்லிமீட்டர், பேட்டரியோடு சேர்த்தால் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். மோட்டார் தேய்ந்தால் மாற்ற வேண்டிய கார்பன் பிரஷ் வைத்தது, பிரஷ்லெஸ் இல்லை. வேகத்துக்குத் தனி பட்டன் எதுவும் கிடையாது, டிரிக்கரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள், இந்த மெஷினின் முக்கியமான குணமே அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி தவறு தானாகக் குறையும். மோட்டார் கியர் வழியாக ஒரு தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டின்மேல் கனமான எஃகு வளையம் ஒன்று, அதுதான் சுத்தியல். பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அதை முன்னுக்கு அழுத்திப் பிடித்திருக்கும். சுத்தியலின் முகத்தில் இரண்டு பல், முன்னால் பிட்டைப் பிடித்திருக்கும் துண்டில் இரண்டு காது. ஸ்க்ரூ லேசாக இறங்கும்வரை பல்லும் காதும் ஒட்டியபடி சுற்றும், அப்போது இது சாதாரண டிரில் மாதிரிதான். ஸ்க்ரூ இறுகி எதிர்ப்பு கூடியதும், தண்டில் வெட்டியிருக்கும் சாய்வான பள்ளத்தில் சின்ன எஃகு குண்டுகள் உருண்டு சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும், பல் காதைத் தாண்டும், ஸ்பிரிங் சுத்தியலை முன்னே தள்ளும், அது அரைச் சுற்று வேகமெடுத்து அடுத்த காதில் மோதும். நிமிஷத்துக்கு 3500 என்றால் ஒரு விநாடிக்கு 58 அடி. விரலை எடுக்க அரை விநாடி தாமதமானால் அதற்குள் கிட்டத்தட்ட முப்பது அடி விழுந்துவிடும்.

அடி எல்லாம் சுற்றும் திசையில் விழுவதால் கை மணிக்கட்டுக்குத் திருப்பு விசை அதிகம் வராது. பெரிய டிரில்லில் போல்ட் இறுக்கியவர்களுக்குத் தெரியும், பிட் மாட்டிக்கொண்டால் மெஷின் கையை முறுக்கிவிடும், ஏணிமேல் நின்றால் ஆளையே தள்ளும். இதில் அந்த பயம் வெகுவாகக் குறைவு. ஒரு கையில் பிடித்து 165 நியூட்டன் மீட்டர் கொடுக்க முடிவது அதனால்தான். ஆனால் கைக்கு வலி தெரியவில்லை என்பதே ஒரு ஆபத்து, எவ்வளவு பலம் ஸ்க்ரூவுக்குப் போகிறது என்று கை உணராது. சாதாரண ஸ்க்ரூடிரைவரில் இறுகுவது கைக்குத் தெரியும். இங்கே காதும் கண்ணும்தான் சொல்ல வேண்டும்.

கடையில் கேட்கும்போது கவனம் தேவை. "அண்ணே, இம்பாக்ட் ஒண்ணு காட்டுங்க" என்று மட்டும் கேட்டால் சுவரில் ஓட்டை போடும் இம்பாக்ட் டிரில்லை எடுத்து வைப்பார்கள், அது வேறு மெஷின். அதில் அடி பிட்டின் நீளவாக்கில், முன்னும் பின்னும் விழும், செங்கலையும் கான்கிரீட்டையும் பொடியாக்க அதுதான் வேண்டும். டிரைவரில் அடி சுற்றுவாக்கில் மட்டுமே, அதனால் சுவரில் ஓட்டை போட இது உதவாது, மேசன்ரி பிட்டைச் சொருகி அழுத்தினால் பிட் முனை சூடாகித் தேய்வதுதான் மிச்சம். இம்பாக்ட் ரெஞ்ச் என்பது மூன்றாவது, சதுர முனையில் சாக்கெட் மாட்டும் பெரிய நட்டு வேலைக்கானது. ஒரு கடையில் என்னிடம் "மூணும் ஒண்ணுதான் சார், இதுலயே எல்லாம் பண்ணலாம்" என்றார்கள். மூன்றும் ஒன்று இல்லை, தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

இப்போது அந்த 165 என்ற எண்ணைப் பார்ப்போம். 8.8 என்ற பலத் தரத்தில் எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் போல்டுக்கு இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். எம்8 என்றால் 25-ஐ ஒட்டி, எம்10 என்றால் 50-ஐ ஒட்டி. அதாவது எம்6 போல்டுக்குத் தேவையானதைப்போல் பதினாறு மடங்கு பலம் உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கிறது. கம்பெனி இதை எம்5 முதல் எம்16 வரை சாதாரண போல்டுக்குப் போடலாம் என்கிறது, போடலாம்தான், ஆனால் எம்6-க்கு முழு டிரிக்கர் கொடுத்தால் கழுத்து முறியும், இல்லையென்றால் மரை இழுபட்டு நட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறையில் நாங்கள் செய்வது, மெஷினில் நட்டை ஓட்டி இறக்குவது, முதல் அடிச் சத்தம் கேட்டதும் நிறுத்துவது, கடைசி இறுக்கம் ஸ்பேனரில். நேரம் மிச்சமாவது நட்டை ஓட்டுவதில்தான், கடைசிக் கால் திருப்பில் இல்லை. கார் சக்கர நட்டுக்கும் இதே நியாயம். கால் இஞ்ச் வாயில் சதுர அடாப்டர் மாட்டிச் சக்கரம் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், சின்னக் கார்களுக்கு நட்டு இறுக்கம் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் துருப் பிடிக்காவிட்டால் கழற்றும். திரும்ப மாட்டும்போது கையால் மரை பிடிக்க வைத்து, மெஷினில் லேசாக ஓட்டி, முடிவில் இறுக்கத்தை அளந்து கொடுக்கும் டார்க் ரெஞ்ச் போட வேண்டும். எந்த இம்பாக்ட் டிரைவரும் இவ்வளவு இறுக்கம் கொடுத்தேன் என்று அளந்து சொல்லாது.

டிரிக்கருக்கு வருகிறேன். இந்த மெஷினில் நான் அதிகம் பாராட்டுவது இதைத்தான். லேசாகத் தொட்டால் பிட் மெதுவாக, எண்ணும் அளவுக்குச் சுற்றும், அழுத்த அழுத்தப் படிப்படியாக ஏறும், விரலை எடுத்ததும் பிரேக் பிடித்து நிற்கும். விலை குறைந்த பல மெஷின்களில் இந்தப் படிப்படி இருக்காது, தொட்டதும் பாதி வேகம், கொஞ்சம் அழுத்தினால் முழு வேகம். பழகும் முறை இப்படி. ஒரு பழைய கட்டையும் கொஞ்சம் ஸ்க்ரூவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டை மண்டையில் உட்கார வைத்து, மெஷினை ஸ்க்ரூவுக்கு நேர்க்கோட்டில் பிடித்து, பின்னாலிருந்து உடம்பு எடையை லேசாகக் கொடுத்து, முதலில் மெதுவாகச் சுற்றி மரை மரத்தைக் கடிக்கிறதா என்று பாருங்கள். கடித்ததும் வேகம் கூட்டுங்கள். மண்டை மரத்தைத் தொட ஒரு விரல் அகலம் இருக்கும்போது விரலைத் தளர்த்துங்கள். கடைசித் தூரத்தைத் தட்டித் தட்டி, சின்னச் சின்ன அழுத்தமாக இறக்குங்கள். இந்தத் தளர்த்தல் விரலுக்குப் பழகும்வரை நல்ல வேலையில் இறங்க வேண்டாம்.

சத்தத்தைக் கவனியுங்கள். ஸ்க்ரூ ஓடும்போது ஒரே சீரான "ர்ர்ர்", இறுக ஆரம்பித்ததும் "டரடரடர". அந்த மாறும் இடம்தான் நமக்கு வேண்டிய செய்தி. சின்ன ஸ்க்ரூ மென்மரத்தில் இறங்கும்போது டரடர கேட்கவே கூடாது, கேட்டால் ஸ்க்ரூ ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. நீளமான ஸ்க்ரூ தேக்கில் பாதியிலேயே டரடர என்றால் ஓட்டை சின்னது, அழுத்தித் தள்ளாமல் வெளியே எடுத்து ஓட்டையைப் பெரிசாக்குங்கள்.

கூரை ஷீட் வேலைக்குத்தான் நம் ஊரில் இது அதிகம் வாங்கப்படுகிறது என்று நினைக்கிறேன், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஷீட்டுக்குப் போடுவது செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, முனையே டிரில் பிட், மண்டை 8 மில்லிமீட்டர் அறுகோணம், அடியில் கறுப்பு ரப்பர் ஒட்டிய வாஷர். அந்த முனை இரும்பைத் துளைத்து முடித்த பிறகுதான் மரை இரும்பைத் தொட வேண்டும், முனை நீளம் ஷீட்டும் டியூபும் சேர்ந்த கனத்தைவிடக் குறைவாக இருந்தால் முனை இன்னும் துளைத்துக்கொண்டிருக்கும்போதே மரை கடித்து இழுக்கும், ஸ்க்ரூ முறியும். அதற்காகத்தான் முனைக்கு 3-ஆம் நம்பர், 5-ஆம் நம்பர் என்று பிரிவு இருக்கிறது, சாதாரண ஸ்கொயர் டியூபுக்கு 3 போதும், கனமான சேனலுக்கு 5 கேட்டு வாங்குங்கள். அடுத்து வேகம். 2900 சுற்றில் முழு டிரிக்கர் கொடுத்தால் முனை சூடேறி நீலம் பாய்ந்து மழுங்கிவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் துளைக்காது, வெறுமனே புகையும். பாதி டிரிக்கருக்குக் கொஞ்சம் மேலே, நல்ல அழுத்தத்தோடு பிடித்தால் இரும்பு சுருள் சுருளாக வரும், அதுதான் சரியான வேகம்.

துளைத்து மரை பிடித்ததும் உடனே விரலைத் தளர்த்த வேண்டும், ஏனென்றால் இனிமேல் வேலை வாஷருடையது. ரப்பர் வாஷர் ஓரம் உலோகத் தட்டுக்கு வெளியே இம்மியளவு எட்டிப் பார்த்தால் சரி. பிதுங்கிப் பரவிக் கிழிந்தால் அதிகம், விரலால் சுற்றினால் வாஷர் சுற்றுகிறது என்றால் குறைவு. ஸ்க்ரூ சாய்ந்து இறங்கினால் வாஷர் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், முதல் வருஷ மழைக்குத் தாங்கலாம், அதன் பிறகு வெயிலில் ரப்பர் வெடித்து ஒழுகும். ஸ்க்ரூ தயாரிக்கிற கம்பெனிகள் பலவும் இந்த வேலைக்கு இம்பாக்ட் டிரைவர் வேண்டாம், ஆழம் செட் செய்யும் ஸ்க்ரூ கன் பயன்படுத்துங்கள் என்றே சொல்கின்றன, அது நியாயமான பேச்சு. நூற்றுக்கணக்கில் ஸ்க்ரூ போடும் பெரிய ஷெட் என்றால் அப்படிச் செய்யுங்கள். வீட்டு மாடிக்கு இதிலேயே, பொறுமையாக விரல் பிடித்தால் நன்றாக வரும். வேலை முடிந்ததும் ஷீட்மேல் கிடக்கும் இரும்புச் சுருளையும் தூளையும் அன்றைக்கே பெருக்கித் தள்ளுங்கள். விட்டுவிட்டால் பனியில் துருப்பிடித்து ஷீட் பெயிண்டில் கறையாக இறங்கும், பிறகு ஷீட்டையே அரிக்கும்.

மர வேலைக்கு வந்தால், நீளமான ஸ்க்ரூ, கட்டில் கால், பரண் சட்டம், பந்தல் கட்டை, இதெல்லாம் இதற்கு ரொம்பப் பிடித்த வேலை. வேங்கை, தேக்கு மாதிரி கெட்டி மரத்தில் முதலில் ஸ்க்ரூவின் நடுத்தண்டு கனத்துக்கு ஓட்டை போட்டுவிடுங்கள், எங்கள் பக்கத்து ஆசாரி ஸ்க்ரூ மரையில் சோப்பைத் தேய்த்துவிட்டு இறக்குவார், மெழுகும் தேய்க்கலாம், உராய்வு குறைந்து மண்டை தப்பிக்கும். பிளைவுட்டின் பக்கவாட்டு ஓரத்தில் ஓட்டையில்லாமல் இறக்கினால் அடுக்கு பிரியும், அவசரமாக இருந்தாலும் ஓட்டை போடுங்கள். அறுகோணத் தண்டு வைத்த டிரில் பிட்டுகள் கிடைக்கின்றன, மரத்தில் சின்ன ஓட்டைகளை இதிலேயே போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரு கையில் டிரில்லும் மறு கையில் இதுவும் இருந்தால் பிட் மாற்றும் நேரம் மிச்சம்.

எதற்கு இதைத் தொடவே கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டிகிள் போர்டு அலமாரியில் கீல், டிராயர் சேனல் மாட்டும் சின்ன ஸ்க்ரூக்கள்: ஒரு அடி கூடினால் போர்டு தூளாகி ஸ்க்ரூ சும்மா சுற்றும், அந்த ஓட்டை போனது போனதுதான். அதற்குக் கிளச் உள்ள டிரில் டிரைவர் வேண்டும், நம்பர் வைத்துத் திருப்பினால் அந்த இறுக்கத்தில் கடகடவென்று விட்டுவிடும். ஜிப்சம் போர்டில் ஸ்க்ரூ மண்டை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகக் குழிய வேண்டும், இதில் அந்த நயம் கஷ்டம். சுவிட்ச் போர்டு, எம்சிபி டெர்மினல், கண்ணாடி, டைல்ஸ் பக்கத்து பிளாஸ்டிக் பொருத்துகள், இவை எல்லாம் கை ஸ்க்ரூடிரைவர் வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டு போல்டும் ஜாக்கிரதை. வேகமாக ஓட்டினால் உராய்வுச் சூட்டில் மரையும் மரையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முன்னுக்கும் போகாது பின்னுக்கும் வராது, கிரைண்டரில் அறுப்பதுதான் வழி. மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸ் பேஸ்ட்டோ தடவி மெதுவாக ஓட்டுங்கள்.

பிட்டுக்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள், மெஷின் வாங்கும் ஆளுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை இது. இம்பாக்ட் என்று போட்ட, அடி தாங்கும் எஸ்2 எஃகு பிட், நடுவில் இடுப்பு மெலிந்திருக்கும், அந்த மெலிவு ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து முனையைக் காப்பாற்றும். டிரில் வாங்கும்போது இலவசமாக வந்த பிட்டை இதில் போட்டால் முனை உருண்டு போகும், அல்லது படீரென்று உடைந்து துண்டு பறக்கும். ஸ்டார் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பிலிப்ஸும் இருக்கிறது, போஸி டிரைவும் இருக்கிறது. போஸியில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் குறுக்காக ஓடும். அதில் போஸி பிட்டான பிஇசட்2 போட வேண்டும், பிலிப்ஸ் பிட்டான பிஎச்2 போட்டால் வழுக்கி மண்டையைத் தின்றுவிடும். வாய்ப்பிருந்தால் ஆறு முனை நட்சத்திரக் குழி உள்ள டார்க்ஸ் மண்டை ஸ்க்ரூவே வாங்குங்கள், பிட் வழுக்குவது அநேகமாக இல்லாமல் போகும். சாக்கெட்டிலும் இதே கதை. பளபளப்பான குரோம் சாக்கெட் கை ரேச்சட்டுக்கானது, அடிக்கு விரிசல் விட்டுச் சிதறலாம். இம்பாக்டுக்கு உள்ளது கறுப்பாக, சுவர் தடித்து, குரோம்-மாலிப்டினம் எஃகில் வரும், விலை கூடத்தான், இருந்தாலும் அதுதான்.

பாதுகாப்பில் முதலில் கண். தலைக்கு மேலே ஷீட்டைப் பார்த்தபடி துளைக்கும்போது சூடான இரும்புத் தூள் நேராக முகத்தில்தான் விழும், சாதாரண மூக்குக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கும், அது போதாது. பிரேமில் இ.என் 166 அல்லது இசட்87 என்ற பாதுகாப்புத் தர முத்திரை அச்சிட்ட, பக்க மறைப்புள்ள கண்ணாடி வாங்குங்கள், ஒரு நல்ல பிட் செட் விலைகூட வராது. இரண்டாவது காது, இதை யாருமே பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம். இரும்பில் டரடர அடிக்கும்போது இம்பாக்ட் டிரைவர்கள் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் நிறுவனக் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், ஆக 94-இல் 1 மணி நேரம், 97-இல் அரை மணி. மூடிய அறைக்குள், தகர ஷீட் பக்கத்தில் சத்தம் எதிரொலித்து இன்னும் கூடும். பட்டறைகளில் ஐம்பது வயதில் சத்தம் போட்டுக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும். காதடைப்பான் ஒரு டீ விலைக்குக் கிடைக்கிறது. பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போது மெஷினோடு சேர்த்து இதையும் கையில் கொடுங்கள்.

கை. கட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் ஸ்க்ரூ இறக்காதீர்கள், பிட் வழுக்கினால் அது போய் நிற்கும் இடம் உங்கள் உள்ளங்கை. கிளாம்ப் போடுங்கள், இல்லை என்றால் சுவரில் அணைத்து வையுங்கள், விரல் ஸ்க்ரூ வெளியேறும் பக்கம் இருக்கவே கூடாது. தொளதொளத்த துணிக் கையுறை சுற்றும் பிட்டில் மாட்டி இழுக்கும், கையை ஒட்டிய கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் வெறுங்கை மேல். துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த லுங்கி நுனி, கழுத்துக் கயிறு, எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். இரும்பில் ஓட்டிய பிட்டையும் ஸ்க்ரூ முனையையும் உடனே தொட்டால் தோல் வெந்துவிடும்.

டிரிக்கருக்கு மேலே ஒரு தள்ளு பட்டன் இருக்கிறது, இந்தப் பக்கம் தள்ளினால் இறுக்கும், அந்தப் பக்கம் தள்ளினால் கழற்றும், நடுவில் நிறுத்தினால் டிரிக்கர் பூட்டிக்கொள்ளும். இந்த நடு நிலையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஏணி ஏறும்போது, இடுப்பில் மாட்டும்போது, இன்னொருவர் கைக்குக் கொடுக்கும்போது நடுவில் வையுங்கள். பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவது அதைவிட நல்லது. மோட்டார் முழுசாக நின்ற பிறகுதான் திசை மாற்ற வேண்டும். சுவருக்குள் வயர் போகும் இடம் தெரியாமல் ஸ்க்ரூ இறக்கினால், மெஷினின் முன்பக்க உலோக மூக்கில் கரண்ட் ஏறும், அதனால் ரப்பர் பிடியை மட்டுமே பிடியுங்கள், மூக்கில் கை வைத்துத் தாங்காதீர்கள். சந்தேகமான சுவர் என்றால் மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

துருப்பிடித்த போல்ட் கழற்றுவதில் இது தனி சுகம். எண்ணெய் விட்டுக் கொஞ்சம் ஊற வைத்து, ஒரே மூச்சாக அழுத்தாமல் விட்டு விட்டு அடி கொடுங்கள், அடிக்கு அடி துரு உதிர்ந்து ஒரு கட்டத்தில் அசையும். அசையாவிட்டால் ஒருமுறை இறுக்கும் பக்கம் லேசாகத் தட்டிவிட்டு மறுபடியும் கழற்றும் பக்கம். பைக் இன்ஜின் மூடி ஸ்டார் ஸ்க்ரூவுக்கு மட்டும், மெக்கானிக்குகள் சுத்தியால் தட்டுகிற பழைய கை இம்பாக்ட் டிரைவரே எனக்கு நம்பிக்கை, அதில் ஒவ்வொரு அடியும் பிட்டை மண்டைக்குள் அழுத்திக்கொண்டே திருப்பும், வழுக்காது. ஜப்பான் வழிவந்த பைக்குகளில் அந்த ஸ்க்ரூ ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர வடிவம், அதற்கான பிட் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி. பெட்டியில் டி.டி.டி 152-க்குப் பின்னால் இசட் என்று இருந்தால் வெறும் மெஷின் மட்டும், பேட்டரியும் சார்ஜரும் தனியாக வாங்க வேண்டும். ஆர்.எஃப்.இ என்றால் 3 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி இரண்டும் டி.சி.18ஆர்.சி சார்ஜரும் சேர்ந்தது. அந்தச் சார்ஜரில் 3 ஆம்பியர் மணி பேட்டரி 22 நிமிஷத்தில் ஏறும், 5 ஆம்பியர் மணி 45 நிமிஷத்தில். ஸ்க்ரூ வேலைக்கு 3 போதும், கையும் கனக்காது. சார்ஜ் ஏற்ற 10 முதல் 40 டிகிரி வரை என்று கம்பெனி சொல்கிறது, சித்திரை வைகாசியில் மொட்டை மாடியில் இந்த 40 எளிதாகத் தாண்டும், அதனால் சார்ஜரை நிழலுக்கு, வீட்டுக்குள் கொண்டு போங்கள், வெயிலில் ஓடிச் சூடான பேட்டரியை ஆறவிட்டுப் போடுங்கள். வண்டிப் பெட்டியில், காரில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். கழற்றிய பேட்டரியை ஆணி, ஸ்க்ரூ கிடக்கும் பையில் போடக் கூடாது, முனைகள் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

இணையத்தில் இதே நீல நிறத்தில், இதே பேட்டரி வாயோடு, 21 வோல்ட், 88, 128 என்றெல்லாம் எழுதிக் கால் விலைக்கு விற்கிற செட்டுகள் நிறைய இருக்கின்றன. 18 வோல்ட் என்பது 3.6 வோல்ட் செல் ஐந்தின் கூட்டு, அதே ஐந்து செல் முழுசாகச் சார்ஜ் ஆனால் 4.2 வீதம் 21 வரும், ஆக 21 வோல்ட் என்பது கூடுதல் பலம் இல்லை. 88, 128 எல்லாம் ஸ்டிக்கர் மட்டுமே, உள்ளே அத்தனை செல் வைக்க இடமே கிடையாது. போலி பேட்டரியில் செல்லைக் காக்கும் சர்க்யூட் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது, ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போட்டுத் தூங்குகிற பொருள் இது. பில்லோடு, வாரண்டிச் சீட்டோடு, அங்கீகரித்த கடையில் வாங்குங்கள். சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் நேரில் போய், பேட்டரி போட்டு டிரிக்கரை அழுத்திப் பார்த்து வாங்கலாம், படிப்படியாக வேகம் ஏறுகிறதா, விட்டதும் நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

குறை என்று பார்த்தால் பலத்தைப் படிப்படியாக வைத்துக்கொள்ளும் வசதி இல்லாததுதான். மகிடாவிலேயே டி.டி.டி 172 பிரஷ்லெஸ் மோட்டார், 180 நியூட்டன் மீட்டர், அடி பலத்தை நான்கு படியாக மாற்றலாம், ஷீட் ஸ்க்ரூவுக்கென்று தனி மோட் உண்டு, கார்பன் மாற்றும் செலவும் இல்லை. தினமும் சைட்டில் ஸ்க்ரூ போட்டுச் சம்பாதிப்பவர்கள் கூடுதல் காசு போட்டு அதையே வாங்குவது நல்லது, ஒரு வேலைக்கு ஒரு படி என்று வைத்துவிட்டால் உதவியாள் கையிலும் மெஷினை நம்பிக் கொடுக்கலாம். அலமாரி, கட்டில், வீட்டுச் சின்ன வேலை மட்டும் என்றால் 18 வோல்ட்டே அதிகம், பாஷ் ஜி.டி.ஆர் 120 மாதிரி 12 வோல்ட், 100 நியூட்டன் மீட்டர் மெஷின் கைக்கும் இலகு, ஸ்க்ரூவுக்கும் பத்திரம். பக்கத்திலேயே கரண்ட் இருக்கும் பட்டறைக்கு மகிடா டி.டி.0101 வயர் மாடல், 230 வாட், அதுவும் 100 நியூட்டன் மீட்டர், பேட்டரித் தொல்லையே இல்லை. தினசரி சைட் வேலைக்கும் வீட்டுச் சின்ன வேலைக்கும் நடுவில், கூரையும் மரமும் நட்டும் கலந்து செய்கிற என் மாதிரி ஆட்களுக்கு 152 சரி, ஏற்கெனவே 18 வோல்ட் மகிடா டிரில் வைத்திருக்கிறவர்கள் இசட் மாடலை மட்டும் எடுத்து, மிச்சமாகும் காசில் பிட், கறுப்பு சாக்கெட், கண்ணாடி, காதடைப்பான் நான்கையும் அதே பில்லில் போடச் சொல்லுங்கள்.